பாரதி பாட்டின் சாவி ஒரு வியாபாரியிடம் இருந்தது

ஏவி.மெய்யப்பச் செட்டியார் என்றதும் வடபழனி ஸ்டுடியோ வாசலில் சுழலும் உருண்டையும் ‘பராசக்தி’யும் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அவர் முதலில் ஓர் இசைத்தட்டு வியாபாரி. பாட்டை ஒரு பண்டமாக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து விற்ற தலைமுறையின் ஆள். அம்பத்தூரில் என் வீட்டுத் தொலைக்காட்சியின் கீழே இருந்த செட்டாப் பெட்டி, நான் மாதாமாதம் பணம் கட்டிப் பதிவுசெய்து வைத்த பழைய படங்களை எனக்கே தர மறுத்த நாட்களில்தான், செட்டியாரின் வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். பாட்டைப் பூட்டிவைக்கும் உரிமை அவரிடம் இருந்தது. அதைத் திறந்துவிட்டவரும் அவரே.

1907 ஜூலை 28 அன்று காரைக்குடியில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார் மெய்யப்பன். தந்தை ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் கிராமபோன் இசைத்தட்டுகள் விற்பனையாயின. பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே மகன் கடைக்கு வந்துவிட்டார். பிறர் தயாரித்த தட்டுகளை விற்றுக்கொண்டிருப்பதைவிடத் தாமே பாட வைத்துப் பதிவுசெய்து விற்றால் என்ன என்ற எண்ணம் அவரைச் சென்னைக்கு இழுத்துவந்தது. கூட்டாளிகளுடன் சேர்ந்து ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத் தட்டுகளின் வியாபாரம் அதன் வழியே நடந்தது.

அந்தத் தட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று; ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு; கையால் முறுக்கேற்ற வேண்டிய பெட்டி; அடிக்கடி மாற்ற வேண்டிய ஊசி. கீழே விழுந்தால் உடைந்துபோகும் அரக்குத் தட்டுதான். ஆனாலும் அதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. எந்த நிறுவனத்தின் தட்டாக இருந்தாலும் எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் பாடும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் கொடுக்கலாம். மகளுக்குச் சீராகத் தரலாம். விற்ற கடை மூடிப்போனாலும் தட்டு பாடிக்கொண்டிருக்கும். வாங்கியவரை அது யாரென்று கேட்டதில்லை.

தட்டு வியாபாரத்திலிருந்து பேசும்படத்துக்கு வந்த செட்டியாருக்குத் தொடக்கம் சரியாக அமையவில்லை. 1935இல் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’, ‘ரத்னாவளி’ இரண்டும் கையைச் சுட்டன. 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் நடித்தவர் ஒருவர், பாடியவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டைச் செய்து பார்த்தார். 1944இல் கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ் பேச வைத்தார். 1945இல் ‘ஸ்ரீவள்ளி’யில் நாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராததால் பி.ஏ.பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார். ஒருவரின் குரலை உடலிலிருந்து பிரித்தெடுத்து வேறோர் உருவத்தில் ஏற்றலாம், ஒரு மொழிப் படத்தை இன்னொரு மொழிக்குப் பெயர்க்கலாம் என்பதை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட வியாபாரி தமிழ்நாட்டில் வேறு எவரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நகலெடுக்கும் கலையின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. நகலெடுக்கும் உரிமையின் மதிப்பும் தெரிந்திருந்தது.

அந்த உரிமைதான் அவரைப் பாரதியிடம் கொண்டுசேர்த்தது. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தபோது குடும்பத்துக்கு எஞ்சியவை வறுமையும் கையெழுத்துப் படிகளும்தான். தம் நூல்கள் தீப்பெட்டியைப் போல, மண்ணெண்ணெயைப் போல ஊரெங்கும் விலைபோகும் என்று வாழ்நாளின் கடைசியில் கணக்குப் போட்டவர் அவர். மனைவி செல்லம்மாள் முதலில் தாமே பதிப்பித்துப் பார்த்தார். பின்னர் பதிப்புரிமை பாரதியின் தம்பி சி.விசுவநாதனிடம் சென்றது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து, 1930களில் ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகரின் கைக்குப் போனது. 1940களின் நடுவில் அவரிடமிருந்து அதை மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கினார். அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கும். அதாவது 1971 முடியும்வரை பாரதியின் பாட்டைத் தட்டிலோ படத்திலோ பதிவுசெய்ய விரும்பும் எவரும் செட்டியாரின் அனுமதியைக் கேட்டாக வேண்டும்.

வாங்கியதை அவர் பெட்டகத்தில் வைத்துப் பூட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1947 பொங்கலை ஒட்டி வந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்களை டி.கே.பட்டம்மாள் பாட, சிறுமி கமலா ஆடினார். விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்பே விடுதலையைக் கொண்டாடிய பாட்டைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளில் எல்லாம் கேட்க வைத்தது அந்தப் படம். நூல் வாங்கிப் படிக்கும் வழக்கமில்லாத வீடுகளிலும் பாரதி இவ்வாறுதான் நுழைந்தார். செட்டியாரைக் குறைசொல்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றது. உரிமை தம்முடையது என்று செட்டியார் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் தமிழர்கள் பாரதியை ஒரு நிறுவனத்தின் சரக்காகப் பார்க்கும் மனநிலையில் இல்லை. 1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டிருந்தது. நாடே கூடி நினைவகம் எழுப்பிய கவிஞரின் பாட்டைப் பாட ஒருவரிடம் கைகட்டி நிற்பதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். பாரதியின் நண்பர் வ.ரா., நாடகக் கலைஞர் டி.கே.சண்முகம், நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் எனப் பலரும் பாரதியை விடுவிக்கும் முயற்சியில் இறங்கினர். செல்லம்மாளை நேரில் கண்டு பேசினர். அரசியல் கட்சிகளைத் தாண்டிய கோரிக்கையாக அது மாறியது.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு செவிசாய்த்தது. கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார், பாரதி நூல்களின் உரிமையை அரசே ஏற்கும் என்று 1949 மார்ச்சில் சட்டமன்றத்தில் அறிவித்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் மகள்கள் இருவருக்கும் தலா 5,000 ரூபாயும் தரப்பட்டன. மெய்யப்பச் செட்டியார் ஒரு காசும் பெற்றுக்கொள்ளாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1950களின் நடுவில் பாரதியின் எழுத்துகள் முழுமையாகப் பொதுமக்களின் உடைமையாயின. ஒரு எழுத்தாளரின் படைப்பை அரசு வாங்கி எல்லோருக்கும் உரியதாக்கிய வழக்கம் தமிழ்நாட்டில் அங்கே தொடங்கி, இன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் படைப்புகள்வரை நீண்டிருக்கிறது.

அவர் விட்டுக்கொடுத்தது பெருந்தன்மையா, காலத்தை அறிந்த வியாபாரியின் கணக்கா? இரண்டும் கலந்ததுதான் என்பது என் எண்ணம். படம் பார்க்க வரும் கூட்டத்தைப் பகைத்துக்கொண்டு ஸ்டுடியோ நடத்த முடியாது. அதே சமயம், காசு கொடுத்து வாங்கியதற்கு ஈடு கேட்டிருந்தால் சட்டம் அவரைத் தடுத்திருக்காது. கேட்கவில்லை. சாவியை வைத்திருந்தவருக்கு ஒரு முகமும் முகவரியும் இருந்ததால்தான் ஊர் அவரிடம் போய்ப் பேச முடிந்தது.

அதன் பிறகான அவரது வாழ்க்கை எல்லோரும் அறிந்தது: ‘வாழ்க்கை’, ‘பராசக்தி’, பல மொழிகளில் படங்கள், வடபழனியில் பெரும் ஸ்டுடியோ. 1979 ஆகஸ்ட் 12 அன்று மறைந்தார். நம் வீடுகளுக்கு வீடியோ டெக் வந்து சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அவருடைய ஸ்டுடியோ வாசலைத் தாண்டும் ஆற்காடு சாலை மேற்கே போரூருக்குப் போகிறது. அங்கிருந்து பூந்தமல்லி பக்கம்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற இந்த மேற்குப் புறநகர்கள் தொழிற்சாலை ஊர்கள். 1980களில் இங்கே சம்பள நாளன்று கேசட் கடைகளில் கூட்டம் இருக்கும். பாட்டுப் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தால், 60 நிமிட நாடாவில் பதிந்து தருவார்கள். அதில் உரிமை மீறல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பதிந்த பாட்டு வாங்கியவரின் வீட்டில் எந்தக் கருவியிலும் பாடியது. குறுந்தகடு காலத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. உலகை மண்டலங்களாகப் பிரித்து, இந்தியாவை ஐந்தாம் மண்டலத்தில் வைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த டிவிடியை இங்குள்ள கருவி ஏற்க மறுத்தது. கணினியில் மண்டலத்தை மாற்றலாம், அதுவும் ஐந்தே முறை.

2003 செப்டம்பர் 1 அன்று கட்டண அலைவரிசைகளைப் பூட்டி, பெட்டி வைத்திருப்பவருக்கு மட்டும் திறக்கும் முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. நான்கு பெருநகரங்களுக்கென்று திட்டமிட்டு, அன்று சென்னையில் மட்டுமே நடந்தேறிய ஏற்பாடு அது. ஒரு கேபிள் நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் வேலை செய்யாது என்ற பாடத்தை நாம் அப்போதே படித்தோம்.

நான் முதலில் சொன்ன பெட்டி அதற்கும் அடுத்த தலைமுறை. பதிவுசெய்யும் வசதி கொண்டது. அதில் நான் சேர்த்துவைத்தவற்றுள் ‘நாம் இருவர்’ படமும் இருந்தது. பெட்டி பழுதானதும் நிறுவனம் வேறொன்றை மாற்றிக் கொடுத்தது. பழைய பெட்டியின் வன்தட்டு நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் அதிலுள்ள பதிவுகள் அந்தப் பெட்டிக்கும் அந்த அட்டைக்கும் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டவை. புதிய பெட்டிக்கு அவை வெறும் இரைச்சல். கணினியில் இணைத்தால் ஒன்றுமே இல்லை. தொலைபேசியில் பேசிய பெண் மிகுந்த மரியாதையுடன் வருந்தினார். சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் செட்டியாரின் கதை எனக்கு உறுத்துகிறது. அந்தப் படத்தில் வரும் பாரதி பாடல்கள் 1949இல் மீட்கப்பட்டவை. திரைப்படத்துக்கு இந்தியச் சட்டம் தரும் காப்பு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். 1947இல் வந்த படத்துக்கு அது 2007உடன் முடிந்துவிட்டது. ஒளிபரப்பியவருக்குத் தனி உரிமை உண்டு என்பது உண்மை. ஆனால் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒளிபரப்பைப் பதிவுசெய்வது மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவே சொல்கிறது. பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கி 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்துடன் உடைப்பவருக்கே இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. சட்டம் எனக்கு அனுமதித்ததைப் பெட்டி மறுக்கிறது. செட்டியார் காலத்தில் பூட்டு சட்டத்தில் இருந்தது. சட்டமன்றம் கூடித் திறக்க முடிந்தது. இன்றைய பூட்டு கருவிக்குள் இருக்கிறது. அதற்குக் காலக்கெடுவும் கிடையாது.

எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்தின் இணைப்பிலும் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. 78 சுற்றுத் தட்டு 90 ஆண்டுகளுக்கு முன்பே செய்த காரியம்தான் அது. அந்தப் பரிந்துரைகூடப் பெட்டியை மாற்றுவது பற்றியதே தவிர, அதற்குள் சேர்த்துவைத்ததை எடுத்துச்செல்வது பற்றியது அல்ல. பழைய பெட்டி பரணில் இருக்கிறது. ‘நாம் இருவர்’ மறுபடி எந்த அலைவரிசையிலாவது வருமா என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.