வேல்ஸ் நாட்டின் ரோம மருமகன்

ஸ்பெயினில் பிறந்த மாக்னஸ் மாக்சிமஸ், பிரிட்டனில் ரோமப் படைத்தலைவனாக விளங்கியவன். கி.பி. 383இல் வீரர்கள் அவனைப் பேரரசனாக அறிவித்தனர். பேரரசன் கிரேஷியன் லியோன் நகரில் கொல்லப்பட்டான். ஐந்தே ஆண்டுகள்! 388இல் தியோடோசியஸிடம் தோற்று, அக்விலேயாவில் உயிரிழந்தான். காவற்படையைக் கொண்டுசென்று தீவை வெறுமையாக்கியவன் என 6ஆம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸ் அவனைக் கடிந்தார்.

வேல்ஸ் மக்களோ அவனை மருமகனாக்கிக் கொண்டனர். அவர்தம் இடைக்காலக் கதையில் அவன் மாக்சென். வேட்டையிடை உறங்கியவன், கனவில் கண்ட எலெனைத் தேடிவந்து கர்னார்வனில் கைப்பிடிக்கிறான். ஏழாண்டுகள் அவன் திரும்பாதிருக்க, ரோமில் வேறொருவன் அரியணை ஏறுகிறான். எலெனின் உடன்பிறந்தாரே ரோமை வென்று அவனுக்களிக்கின்றனர். அக்கதையில் அக்விலேயாவே இல்லை!

9ஆம் நூற்றாண்டு எலிசெக் கல்தூணில் போவிஸ் மன்னர்கள் அவனைத் தம் முன்னோனாகப் பொறித்தனர். ரோமர் மன்னனைக் கொன்றவன் என்பதே அங்கு அவனுக்குரிய பெருமை.