தியான் சந்த்

தியான் சந்த் (ஆகஸ்ட் 29, 1905 - டிசம்பர் 3, 1979) இந்தியாவைச் சேர்ந்த புகழ்பெற்ற வளைதடிப் பந்தாட்ட (ஹாக்கி) வீரர் ஆவார். 1928, 1932, 1936 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து மூன்று முறை தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில் இவர் இடம்பெற்றிருந்தார். இவற்றுள் 1936 ஆம் ஆண்டின் பெர்லின் ஒலிம்பிக்கில் அணித் தலைவராகவும் விளங்கினார். தொடக்கத்தில் தோல்விகளால் தடுமாறிய அந்த அணி, தனக்குரிய ஆட்டமுறையை மீட்டெடுத்து வெற்றி கண்ட வரலாறு இவரது வாழ்க்கையின் முக்கியமான பகுதியாகும். இவர் பிறந்த ஆகஸ்ட் 29 இந்தியாவில் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இளமைக் காலம்

தியான் சந்த் அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜ்) ஒரு ராஜபுத்திரக் குடும்பத்தில் பிறந்தார். இவரது இயற்பெயர் தியான் சிங் என்பதாகும். தந்தையார் பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றியவர். படை அணிக்காக ஹாக்கி விளையாடியவரும் ஆவார். தந்தையின் பணியிட மாற்றங்களால் குடும்பம் ஊர் ஊராகச் செல்ல நேர்ந்தது. எனவே தியான் சந்தின் பள்ளிக் கல்வி ஆறு ஆண்டுகளுடன் நின்றுபோனது. பின்னர் குடும்பம் ஜான்சி நகரில் நிலையாகக் குடியேறியது. இவருடைய தம்பி ரூப் சிங்கும் பின்னாளில் ஒலிம்பிக் ஹாக்கி வீரரானார்.

சிறு வயதில் இவருக்கு ஹாக்கியில் பெரிய ஈடுபாடு இருக்கவில்லை; மற்போரையே விரும்பினார். 1922 ஆம் ஆண்டு படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த பின்னரே முறையாக ஹாக்கி விளையாடத் தொடங்கினார். பகலில் படைப்பணி இருந்ததால் இரவில் நிலவொளியில் பயிற்சி செய்தார் என்றும், அதனாலேயே நண்பர்கள் இவரைச் சந்த் (இந்தியில் நிலவு) என்று அழைக்கத் தொடங்கினர் என்றும் கூறப்படுகிறது.

1926 ஆம் ஆண்டில் இந்தியப் படை அணி நியூசிலாந்துக்குச் சுற்றுப்பயணம் மேற்கொண்டது. இதுவே தியான் சந்தின் முதல் வெளிநாட்டுப் பயணம். அங்கு ஆடிய 21 ஆட்டங்களில் இந்திய அணி 18 ஆட்டங்களில் வென்றது. 2 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. ஓர் ஆட்டத்தில் மட்டுமே தோற்றது. நாடு திரும்பியதும் தியான் சந்துக்குப் படையில் பதவி உயர்வு கிடைத்தது.

ஆட்டமுறை

தியான் சந்த் நடு முன்கள வீரராக ஆடினார். அக்காலத்தில் ஐந்து முன்கள வீரர்கள், மூன்று இடைக்கள வீரர்கள், இரண்டு பின்கள வீரர்கள், ஒரு கோல் காப்பாளர் என்ற அமைப்பே பெரும்பாலும் பின்பற்றப்பட்டது. ஐரோப்பிய அணிகள் உடல் வலிமையையும் நீண்ட அடிகளையும் நம்பி ஆடின. இந்திய வீரர்களோ பந்தை மட்டையோடு ஒட்டி நகர்த்திச் செல்வதிலும், அருகில் உள்ள சக வீரருக்குக் குறுகிய தூரத்தில் விரைவாகக் கொடுத்து வாங்குவதிலும் தேர்ச்சி பெற்றிருந்தனர்.

இந்த முறை வெற்றி பெற இரண்டு கூறுகள் தேவை. முதலாவது, வீரர்களின் மணிக்கட்டுத் திறன். இரண்டாவது, ஒருவர் எங்கே நகர்வார் என்பதை மற்றவர் முன்கூட்டியே அறியும் புரிந்துணர்வு. முதலாவது தனிப்பட்ட பயிற்சியால் வருவது. இரண்டாவதோ சேர்ந்து ஆடினால் மட்டுமே வருவது. பல மாகாணங்களில் இருந்தும் படைப்பிரிவுகளில் இருந்தும் வீரர்களைத் திரட்டிய இந்திய அணிக்கு இரண்டாவது கூறே எப்போதும் சிக்கலாக இருந்தது.

1928, 1932 ஒலிம்பிக் போட்டிகள்

1928 இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிற்கு ஜெய்பால் சிங் தலைமையில் இந்திய அணி சென்றது. ஆஸ்திரியா (6-0), பெல்ஜியம் (9-0), டென்மார்க் (5-0), சுவிட்சர்லாந்து (6-0) ஆகிய அணிகளை வென்று, மே 26 அன்று இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல்கள் அடித்தது; ஒரு கோல் கூட வாங்கவில்லை. இவற்றுள் 14 கோல்கள் தியான் சந்த் அடித்தவை.

1932 இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிற்கான வீரர்களைத் தெரிவு செய்ய மாகாணங்களுக்கு இடையிலான போட்டி நடத்தப்பட்டது. அதில் ஆடத் தியான் சந்துக்குப் படையில் விடுப்பு கிடைக்கவில்லை. எனினும் தேர்வாட்டம் இன்றியே அணியில் சேர்க்கப்பட்டார். லால் ஷா புகாரி தலைமையிலான இவ்வணி ஜப்பானை 11-1 எனவும், அமெரிக்காவை 24-1 எனவும் வென்றது. அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் ரூப் சிங் 10 கோல்களும் தியான் சந்த் 8 கோல்களும் அடித்தனர். இந்த ஒலிம்பிக்கையொட்டிய நீண்ட சுற்றுப்பயணத்தில் இந்தியா ஆடிய 37 ஆட்டங்களில் அடித்த 338 கோல்களில் 133 கோல்கள் தியான் சந்துடையவை ஆகும்.

1935 இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்குச் சென்ற இந்திய அணிக்குத் தியான் சந்த் தலைமை தாங்கினார். அப்பயணத்தில் மட்டும் 201 கோல்கள் அடித்தார்.

1936: தடுமாறிய அணி

பெர்லின் ஒலிம்பிக்கிற்கான அணிக்குத் தியான் சந்த் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். இரண்டு முறை தங்கம் வென்ற நாடு என்பதால் எதிர்பார்ப்பு மிகுதியாக இருந்தது. ஆனால் அணியின் நிலை அவ்வாறு இருக்கவில்லை. பழைய வீரர்கள் பலர் விலகியிருந்தனர். தியான் சந்த், ரூப் சிங், கோல் காப்பாளர் ரிச்சர்ட் ஆலன், பின்கள வீரர் கார்லைல் டாப்செல் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோர் ஒலிம்பிக்கிற்குப் புதியவர்கள். முன்கள வீரரான அலி இக்திதார் ஷா தாரா அணியுடன் புறப்படவில்லை.

ஜூன் 16 அன்று தில்லியில் உள்ளூர் வீரர்களைக் கொண்ட அணியுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஒலிம்பிக் அணி 4-1 எனத் தோற்றது. அதன்பின் நாட்டின் பல இடங்களில் ஆடிய ஆட்டங்களில் வெற்றிகள் கிடைத்தன. ஜூன் 27 அன்று கப்பல் ஏறிய அணி, ஜூலை 10 அன்று பிரான்சின் மார்செய் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து தொடர்வண்டியில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து ஜூலை 13 அன்று பெர்லின் சென்றது. நான்கு நாட்கள் கழித்து, ஜூலை 17 அன்று, செருமனி அணியுடன் ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. இதிலும் இந்தியா 4-1 எனத் தோல்வி அடைந்தது.

இத்தோல்வி அணியினரை நிலைகுலையச் செய்தது. செருமானியர்கள் ஹாக்கியில் இந்த அளவுக்கு முன்னேறியிருப்பார்கள் என்று இந்திய வீரர்கள் எதிர்பார்க்கவில்லை. அன்றிரவு அணியினர் உறக்கமின்றித் தவித்ததைத் தியான் சந்த் தமது தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். முன்கள வீரர்களுக்கிடையே புரிந்துணர்வு இல்லாததே முதன்மையான குறை என்பது தெளிவாயிற்று. உடனடியாகத் தாராவை அனுப்பி வைக்குமாறு அணி நிர்வாகத்தில் இருந்த பங்கஜ் குப்தா இந்திய ஹாக்கி கூட்டமைப்புக்குத் தகவல் அனுப்பினார்.

ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய முதற்சுற்றில் இந்தியா அங்கேரியை 4-0 என வென்றது. அடுத்து அமெரிக்காவை 7-0 எனவும், ஜப்பானை 9-0 எனவும் தோற்கடித்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் அணியின் இணக்கம் வளர்ந்ததை இந்தக் கோல் எண்ணிக்கைகளே காட்டுகின்றன. ஆகஸ்ட் 10 அன்று தாரா வானூர்தி மூலம் பெர்லின் வந்து சேர்ந்தார். அவர் வந்த பின் நடந்த அரையிறுதியில் பிரான்சை 10-0 என இந்தியா வென்றது. தியான் சந்த் 4 கோல்கள் அடித்தார்.

இறுதியாட்டம்

இறுதியாட்டத்தில் மீண்டும் செருமனியே எதிரணியாக வந்தது. ஆகஸ்ட் 14 அன்று நடக்கவிருந்த ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. முந்தைய தோல்வியின் நினைவால் இந்திய வீரர்கள் பதற்றத்துடன் இருந்தனர். ஆட்டத்திற்கு முன் உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா இந்திய தேசிய காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்துக் காட்டினார். வீரர்கள் அதனை வணங்கிவிட்டுக் களம் இறங்கினர். அக்காலத்தில் அவ்வணி பிரித்தானிய இந்தியாவின் கொடியின் கீழ் விளையாடியது என்பதும், தியான் சந்த் உட்படப் பலர் பிரித்தானிய இந்தியப் படையினர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. இந்துக்கள், முசுலிம்கள், சீக்கியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் எனப் பல சமூகத்தவரும் அவ்வணியில் இருந்தனர்.

ஈரத் தரையில் முதற்பாதி ஆட்டம் எளிதாக அமையவில்லை. இடைவேளையின்போது இந்தியா 1-0 என மட்டுமே முன்னிலையில் இருந்தது. வழுக்கும் தரையில் விரைந்து ஆடுவதற்காகத் தியான் சந்த் முள் பதித்த காலணிகளைக் களைந்துவிட்டு இரண்டாம் பாதியில் ஆடினார். பந்தை உயரத் தூக்கி அடித்து இந்தியரின் குறுகிய பரிமாற்றங்களைக் குலைக்கச் செருமானியர்கள் முயன்றனர். இந்திய அணியோ அதற்கு ஈடுகொடுத்துத் தன் வழக்கமான விரைவு ஆட்டத்தைத் தொடர்ந்தது. இறுதியில் இந்தியா 8-1 என வென்றது. இத்தொடர் முழுவதிலும் இந்தியா 38 கோல்கள் அடித்து, இறுதியாட்டத்தில் வாங்கிய அந்த ஒரு கோலை மட்டுமே விட்டுக்கொடுத்தது. இறுதியாட்டத்தில் தியான் சந்த் அடித்தவை 3 கோல்கள் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. 6 எனக் கூறுவோரும் உளர்.

பயிற்சி ஆட்டத்துக்கும் இறுதியாட்டத்துக்கும் இடையே இருந்த காலம் ஒரு மாதத்துக்கும் குறைவானது. அதற்குள் அணி புதிய ஆட்டமுறை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தனக்கு ஏற்கனவே தெரிந்த முறையைச் சேர்ந்து ஆடும் அளவுக்கு அதன் வீரர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர் என்பதே மாற்றத்திற்குக் காரணம் எனலாம்.

தமிழகத் தொடர்புகள்

சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எம். ஜே. கோபாலன், 1935 ஆம் ஆண்டின் நியூசிலாந்துப் பயணத்தில் தியான் சந்தின் தலைமையில் ஆடியவர். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை 1934 இல் வீசியவரும் இவரே. 1936 இல் இங்கிலாந்து செல்லும் இந்தியத் துடுப்பாட்ட அணியில் இடம் கிடைத்ததால் பெர்லின் ஒலிம்பிக்கிற்கான வாய்ப்பைக் கைவிட்டார். இங்கிலாந்தில் அவருக்குத் தேர்வுப் போட்டி எதிலும் ஆடும் வாய்ப்பு கிட்டவில்லை. ஹாக்கி அணியோ தங்கத்துடன் திரும்பியது.

தியான் சந்தின் தன்வரலாறான கோல் என்னும் நூல் 1952 இல் சென்னையிலிருந்து வெளியானது. இதனை வெளியிட்டது ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் என்ற விளையாட்டு இதழாகும். 1980 இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்.

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் கல்வி நிறுவனங்களிலும் விளையாட்டரங்குகளிலும் தியான் சந்தின் பெயர் தேசிய விளையாட்டு நாளையொட்டி ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. ஆம்ஸ்டர்டாம் வெற்றிக்கு அடுத்த ஆண்டான 1929 இல் சிதம்பரத்தில் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இயங்கி வருகிறது. மாகாணங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு வீரர்களைத் தந்தவற்றில் கல்லூரி அணிகளுக்கும் பங்குண்டு. பல ஊர்களில் இருந்து வரும் மாணவர்களைக் கொண்டு சில வாரங்களில் ஒரு அணியை உருவாக்க வேண்டிய பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களுக்குப் பெர்லின் அணியின் வரலாறு பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும்.

பிற்கால வாழ்க்கை

இரண்டாம் உலகப் போர் காரணமாக 1940, 1944 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. இதனால் தியான் சந்துக்கு மேலும் ஒலிம்பிக்கில் ஆடும் வாய்ப்பு இல்லாமல் போயிற்று. 1947 இல் நாட்டுப் பிரிவினையால் அணியும் பிரிந்தது. பெர்லினில் இவருடன் ஆடிய தாரா, 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கினார். 1932 இல் இவரது அணித் தலைவராக இருந்த லால் ஷா புகாரி பின்னாளில் இலங்கைக்கான பாகிஸ்தான் தூதரானார்.

1947-48 இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற இந்திய அணியில் தமது 42 ஆம் வயதில் தியான் சந்த் ஆடினார். 1956 இல் படையிலிருந்து ஓய்வு பெற்றார். பொதுவாக மேஜர் தியான் சந்த் என்றே இவர் அறியப்படுகிறார். அதே ஆண்டில் இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. பின்னர் பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார்.

இவருடைய மகன் அசோக் குமாரும் ஹாக்கி வீரர் ஆவார். 1975 இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவர் அவரே. ஆனால் அடுத்த ஆண்டே, செயற்கைப் புல்தரை முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்ட மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியா ஏழாம் இடத்தையே பெற்றது. இயற்கைப் புல்லில் வளர்ந்த ஆட்டமுறையைப் புதிய தரைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இந்திய ஹாக்கி பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இந்த வீழ்ச்சியின் தொடக்கத்தைத் தம் வாழ்நாளிலேயே தியான் சந்த் கண்டார்.

இறுதிக் காலத்தை ஜான்சியில் பொருளாதார நெருக்கடியுடன் கழித்தார். கல்லீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டுத் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் சேர்க்கப்பட்ட அவர், 1979 டிசம்பர் 3 அன்று காலமானார். அவரது உடல் ஜான்சியில் அவர் விளையாடிய ஹீரோஸ் மைதானத்தில் எரியூட்டப்பட்டது.

வழங்கும் கதைகள்

தியான் சந்தைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. அவரது மட்டையில் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தனர் என்பதும், இட்லர் அவருக்குச் செருமானியப் படையில் பதவி தர முன்வந்தார் என்பதும், வியன்னாவில் நான்கு கைகளும் நான்கு மட்டைகளும் கொண்ட சிலை அவருக்கு எழுப்பப்பட்டது என்பதும் அவற்றுள் சில. இவற்றுக்கு உறுதியான சான்றுகள் கிடைக்கவில்லை.

நினைவுகள்

1980 இல் இந்திய அரசு இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. தில்லியில் உள்ள தேசிய விளையாட்டரங்கிற்கு 2002 இல் இவர் பெயர் சூட்டப்பட்டது. இந்தியாவின் மிக உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னா விருதுக்கு 2021 ஆகஸ்டில் மேஜர் தியான் சந்தின் பெயர் இடப்பட்டது. அதே மாதத்தில்தான் இந்திய ஆண்கள் ஹாக்கி அணி 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றைத் தோக்கியோவில் வென்றது. வெண்கலப் பதக்கத்திற்கான அந்த ஆட்டத்தில் இந்தியா 5-4 எனத் தோற்கடித்த அணி செருமனி என்பது குறிப்பிடத்தக்கது.