இரண்டாம் தூதனைக் கண்டவர்

நான் உயிர்வேதியியல் மாணவன். ஹார்மோன் இரத்தத்தோடு ஓடி, உயிரணுவினுள் புகுந்து, தானே வேலையை முடித்துவிடுகிறது என்று முதலாண்டுத் தேர்வில் எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் எர்ல் சதர்லண்டின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை நம் சங்க நண்பர்களுக்கும் சொல்ல ஆசை.

சதர்லண்ட் 1915-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பர்லிங்கேம் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1933-இல் அவர் கல்லூரி புகுந்தபோது பொருளாதார மந்தம் நாட்டை வாட்டியது. தந்தையின் சேமிப்பெல்லாம் கரைந்துபோயிற்று. உதவித்தொகையாலும், மருத்துவமனையில் செய்த வேலையாலும் படிப்பை நடத்தினார். ஊரிலிருந்து வரும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் நமக்கு இது அயலார் கதையன்று. 1942-இல் செயின்ட் லூயி நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். போரில் இராணுவ மருத்துவராக இருந்தார். திரும்பி வந்தபின், மருத்துவத் தொழிலா ஆராய்ச்சியா என்று தயங்கியவரை ஆராய்ச்சியில் நிலைக்கச் செய்தவர் ஆசிரியர் கார்ல் கோரி.

அச்சம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. கல்லீரல் தன்னிடமுள்ள கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக இரத்தத்தில் விடுகிறது. இது எப்படி? உயிரணுவை உடைத்துவிட்டால் ஹார்மோனின் வேலையைக் காண முடியாது என்பது அந்நாளில் பலருடைய எண்ணம். கிளீவ்லண்ட் நகரில் சதர்லண்டும் தியோடர் ராலும் கல்லீரலை அரைத்தே பார்த்தார்கள். அரைத்த கூழிலும் அட்ரினலின் வேலை செய்தது! சவ்வுத் துகள்களை நீக்கினார்கள், வேலை நின்றது. அத்துகள்களோடு அட்ரினலினைச் சேர்த்தபோது, கொதிக்க வைத்தாலும் கெடாத ஒரு பொருள் உண்டாயிற்று. அதை எஞ்சிய நீரில் இட்டதும், கிளைக்கோஜனை உடைக்கும் நொதி விழித்துக்கொண்டது. 1957-இல் இதை வெளியிட்டார்கள். அப்பொருளே சைக்ளிக் ஏ.எம்.பி.

நம் விடுதியையே நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வந்தவர் வாசலில் நிற்கிறார். காவலாளி சேதியைக் கேட்டுக்கொள்கிறார். பையன் ஒருவன் நம் அறைக்கு ஓடி வருகிறான். வந்தவர் அட்ரினலின், காவலாளி, சவ்விலுள்ள ஏற்பி, ஓடி வரும் பையன் சைக்ளிக் ஏ.எம்.பி. அவனே இரண்டாம் தூதன்.

பல ஹார்மோன்களுக்கு ஒரே பையன் எப்படித் தூது போக முடியும் என்று ஐயுற்றவர்கள் உண்டு. எந்த உயிரணுவில் எந்த ஏற்பி இருக்கிறது, உள்ளே எந்த நொதிகள் காத்திருக்கின்றன என்பதில்தான் விடை இருந்தது. எல்லா ஹார்மோன்களும் வாசலில் நிற்பதில்லை. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உள்ளே புகுகின்றன; ஆனால் அவற்றுக்கும் அங்கே ஓர் ஏற்பி வேண்டும். என் விடையில் இல்லாமற் போனது அந்த ஏற்பியே!

1971-இல் நோபெல் பரிசு சதர்லண்டுக்கு மட்டுமே தனித்து அளிக்கப்பட்டது. 1974-இல், 58-ஆம் வயதில் மறைந்தார். அட்ரினலின் ஏற்பி ஒன்றின் மரபணு 1986-இல்தான் படித்தறியப்பட்டது. அதை அவர் காணவில்லை.

உடைத்தால் பயனில்லை என்று பிறர் விட்டதை அவர் ஒருமுறை உடைத்துப் பார்த்தார். பாடப் புத்தகத்தின் ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை துணிவு இருக்கிறது என்று எனக்குக் காட்டியது, நான் இழந்த அந்த மதிப்பெண்தான்.