கணக்கில் வராத 116



கூடைப்பந்து என்றதும் நம் ஹாஸ்டல் பசங்க சொல்லும் முதல் பெயர் மைக்கேல் ஜோர்டான். நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. மொத்தமாக நூறு மாணவர்கள்கூட இல்லாத ஒரு கல்லூரிக்காக ஆடி, அமெரிக்கா முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்த ஒருவரைப் பற்றி. பெயர் கிளாரன்ஸ் ஃபிரான்சிஸ். ஆனால் எல்லோரும் கூப்பிட்டது பீவோ என்றுதான். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் பீவோ என்று ஒரு போதையில்லாத பானம் விற்றது. அது அவருடைய அப்பாவுக்கு ரொம்ப இஷ்டமாம். அப்பாவுக்கு வைத்த பட்டப்பெயர் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயர் விஷயத்தில் எல்லா ஊரும் நம்ம ஊர்தான் போல!

1932 செப்டம்பர் 4-ஆம் தேதி ஒஹாயோ மாநிலத்தில் ஹாமண்ட்ஸ்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சிறுவயதில் ரத்தசோகை. அதனால் பள்ளிப்படிப்பே தள்ளிப்போனது. அப்படிப்பட்ட பையன் வளர்ந்து நின்றபோது உயரம் 6 அடி 9 அங்குலம். உயரமானவன் கூடைக்குக் கீழே நின்று போடுவான் என்றுதானே நினைப்போம்? பீவோவின் பலமே தூரத்திலிருந்து எம்பிப் போடும் ஜம்ப் ஷாட்தான்.

பள்ளியில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் நியூட் ஆலிவர். அவருக்கு ரயோ கிராண்ட் கல்லூரியில் வேலை கிடைத்ததும் பீவோவையும் கூடவே அழைத்துப் போனார். அந்தக் கல்லூரியோ பணமில்லாமல், இன்று மூடுமா நாளை மூடுமா என்று தள்ளாடிக்கொண்டிருந்தது. ஆலிவர் நல்ல பயிற்சியாளர் மட்டுமல்ல, நல்ல வியாபாரியும்கூட. கூட்டம் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் கல்லூரி பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். பந்து கையில் வந்தால் பீவோவிடம் கொடு, இதுதான் மற்ற பையன்களுக்கு அவர் சொன்ன பாடம்.

1953 ஜனவரி 9. எதிரணி ஆஷ்லாண்ட் ஜூனியர் காலேஜ். அன்று பீவோ தனியாளாகப் போட்டது 116 புள்ளிகள்! 47 கூடை, 22 ஃப்ரீ த்ரோ. கடைசிக் கால் பகுதியில் மட்டும் 55. மூன்று புள்ளிக் கோடு என்பதே அப்போது கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பத்திரிகைக்காரர்கள் மொய்த்துவிட்டார்கள். அந்த வருடம் ரயோ கிராண்ட் ஆடிய 39 ஆட்டத்திலும் ஜெயம். ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

அப்புறம்தான் இடி விழுந்தது. என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு, நான்கு வருடப் பட்டப்படிப்பு உள்ள கல்லூரிகளோடு ஆடியது மட்டும்தான் சாதனைக் கணக்கில் சேரும் என்று முடிவெடுத்தது. ஜூனியர் காலேஜ், ராணுவ முகாம் அணி எல்லாம் வெளியே. 39-ல் 27 ஆட்டங்களை அடித்துவிட்டார்கள். 116-ம் போச்சு. பலமில்லாத அணிகளோடு ஆடிக் குவித்தார்கள் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் ஆடி முடித்த ஆட்டத்துக்குப் பிறகு விதி எழுதுவது என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில் நம்ம கதையும் ஞாபகம் வருகிறது. நாம் படிப்பது டிப்ளமோ. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ், பல்கலைக்கழகத்தின் கீழ் அல்ல. பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசு வழங்கும் மௌலானா ஆசாத் கோப்பைக்கும், நாம் வெயிலில் சிமெண்ட் தரையில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஆடுவதற்கும் சம்பந்தமே கிடையாது. ஷூ கம்பெனி ஷிப்டு முடித்து வந்து ஆம்பூரில் ஆடும் அண்ணன்களுக்கு அந்தக் கணக்கும் இல்லை.

பீவோ புலம்பவில்லை. அடுத்த வருடம் ஆலிவர் பெரிய அணிகளைத் தேடித் தேடி ஆட்டம் பிடித்தார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அடெல்ஃபியிடம் தோற்றார்கள். ஆனால் வேக் ஃபாரஸ்ட், பட்லர் போன்ற பெயர் பெற்ற அணிகளை வென்றார்கள். 1954 பிப்ரவரி 2-ஆம் தேதி ஹில்ஸ்டேல் கல்லூரிக்கு எதிராக பீவோ 113 புள்ளிகள் எடுத்தார். 38 கூடை, 37 ஃப்ரீ த்ரோ. ஹில்ஸ்டேல் பட்டப்படிப்புக் கல்லூரி. இதை யாராலும் அடிக்க முடியவில்லை!

அந்த வருடத்தோடு படிப்பு நின்றது. ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் குழுவை எதிர்த்து ஊர் ஊராக ஆடும் ஓர் அணியில் சேர்ந்தார். 1956-ல் பிலடெல்ஃபியா வாரியர்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. போகவில்லை. மனைவி, பிள்ளைகளோடு ஊரிலேயே இருந்து எஃகு ஆலையில் வேலைக்குப் போனார். புகழை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போன அந்த மனுஷனைத்தான், 116-ஐவிட எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

அவருடைய 113-ஐ 2012 நவம்பரில் முறியடித்தவர் ஜாக் டெய்லர், 138 புள்ளிகள். அவர் படித்த கிரின்னெலும் ஒரு சிறிய கல்லூரிதான். 2015 ஜூன் 3-ஆம் தேதி, 82-ஆவது வயதில் பீவோ காலமானார்.

அடுத்த ஆண்டே, 2016-ல், பீவோ ஃபிரான்சிஸ் விருது தொடங்கியது. பெரிய பல்கலைக்கழக அணிகளுக்கு இதில் இடமில்லை. என்.சி.ஏ.ஏ.-வின் இரண்டாம், மூன்றாம் பிரிவு, என்.ஏ.ஐ.ஏ. அமைப்பு போன்றவற்றில் ஆடும் சிறிய கல்லூரிகளிலிருந்து அந்த ஆண்டின் சிறந்த வீரர் ஒருவருக்கு மட்டும் இது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டன் கல்லூரியிலிருந்து, தேசியப் போட்டியின் ஒரே ஆட்டத்தில் 62 புள்ளிகள் எடுத்த ஒரு பையனுக்கு 2019-ஆம் ஆண்டு விருது போனது. அவன் பெயரும் ஃபிரான்சிஸ்தான், ஆஸ்டன் ஃபிரான்சிஸ்!