பட்டம் பெறாத பொறியாளர் மாட்செலிகர்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுதித் தருமாறு என்னைப் பணித்தபோது, என் நினைவுக்கு வந்தவர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். நம் தெருக்களிலிருந்து பிட்டராகவும் வெல்டராகவும் கடல் கடந்து செல்லத் துடிக்கும் இளைஞர் பலர். கையில் தொழில் இருக்கும். காட்டுவதற்குச் சான்றிதழ் இராது. அத்தகைய ஒருவரே மாட்செலிகர். மேலும், தோலைப் பதனிட்டும் செருப்புத் தைத்தும் ஊருக்கு உழைத்து, அதன் பொருட்டே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட முன்னோர்களை உடைய நமக்கு, காலணித் தொழிலையே மாற்றியமைத்த இவர் அயலார் அல்லர்.

தென்னமெரிக்காவின் வடகரையில், அக்காலத்தில் டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த சூரினாம் நாட்டின் பரமாரிபோ நகரில் 1852ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாட்செலிகர் பிறந்தார். தந்தை டச்சு நாட்டுப் பொறியாளர், தாய் கறுப்பினத்தவர். அப்போது அந்நாட்டில் அடிமை முறை நிலவியது; 1863ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. பத்து வயதிலேயே இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த சிறுவனுக்குப் பட்டறையே பள்ளிக்கூடமாயிற்று.

பத்தொன்பதாம் வயதில் ஒரு வணிகக் கப்பலில் மாலுமியாகப் புறப்பட்டார். ஏறத்தாழ ஈராண்டுகள் கடலில் கழித்தபின் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இறங்கினார். ஆங்கிலம் அறியார், பரிந்துரைப்பார் எவருமிலர், நிறமோ கறுப்பு. தேர்ந்த இயந்திரத் தொழிலாளியாயினும் கிடைத்த சிறு வேலைகளையே செய்து பிழைத்தார். அங்கேதான் காலணித் தொழில் அவருக்குப் பழக்கமாயிற்று. பின்னர் 1877ஆம் ஆண்டில், காலணி உற்பத்திக்குப் பெயர் பெற்ற மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகருக்குச் சென்று, ஒரு தொழிற்சாலையில் அடித்தோல் தைக்கும் இயந்திரத்தை இயக்கும் வேலையில் அமர்ந்தார்.

அக்காலத்தில் தோலை வெட்டவும் தைக்கவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் காலின் வடிவில் செய்த அச்சுக்கட்டையின்மீது மேல்தோலை இழுத்து, முன்னும் பின்னும் சுருக்கம் விழாமல் மடித்து, அடியில் ஆணியடித்து இறுக்கும் வேலையை மட்டும் மனிதக் கைகளே செய்தன. தேர்ந்த தொழிலாளி ஒருவர் பத்து மணி நேரம் உழைத்தால் ஏறத்தாழ 50 இணைகளை முடிப்பார். இதனை இயந்திரத்தால் செய்ய இயலாது என்பதே அனைவரின் முடிவு.

மாட்செலிகர் அம்முடிவை ஏற்கவில்லை. பகலில் தொழிற்சாலையில் உழைத்தார். மாலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்றார். பழைய நூல்களை வாங்கி இயற்பியலும் இயந்திர வரைபடமும் தாமே பயின்றார். தொழிலாளரின் கைகள் தோலை எவ்வாறு பற்றி இழுத்துத் திருப்புகின்றன என்பதைக் கூர்ந்து நோக்கினார். இரவில், சுருட்டுப் பெட்டிப் பலகை, கம்பி, ஆணி இவற்றைக் கொண்டு முதல் மாதிரியை அமைத்தார். அதற்கு ஒருவர் 50 டாலர் தர முன்வந்தார், இவர் இசையவில்லை. உணவைச் சுருக்கி மிச்சம் பிடித்த காசில் இரும்பு மாதிரியைத் தொடங்கினார். பணம் போதாமையால், கண்டுபிடிப்பின் உரிமையில் மூன்றில் இரு பங்கை முதலீட்டாளர் இருவருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

அவர் அனுப்பிய வரைபடங்கள் மிகச் சிக்கலாக இருந்தமையால், காப்புரிமை அலுவலகம் ஓர் அதிகாரியை லின் நகருக்கே அனுப்பி இயந்திரத்தை நேரில் பார்த்துவரச் செய்தது. கல்லூரி வாயிலை மிதியாத அவருக்கு 1883ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் 274207 என்னும் எண்ணுள்ள காப்புரிமை வழங்கப்பட்டது. மேலும் திருத்தப்பட்ட அவரது இயந்திரம் நாளொன்றுக்கு 150 முதல் 700 இணைகள் வரை முடித்தது. காலணி விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து, ஏழையரும் நல்ல காலணி அணியும் நிலை வந்தது. கைத்தொழிலை நம்பியிருந்தோர் இயந்திரத்தைக் கண்டு அஞ்சினர் என்பதையும் மறைத்தலாகாது. அவரது நிறத்தை இழித்துரைக்கும் பெயரொன்றும் அவ்வியந்திரத்திற்கு வழங்கியது.

அந்நகரில் தேவாலயங்கள் சில நிறத்தின் பொருட்டு அவரை ஏற்க மறுத்தன. கோவில் வாயிலில் நிறுத்தப்பட்ட நம்மவர்க்கு இது புதுச் செய்தியன்று. இறுதியில் ஒரு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டினார். ஆயினும் உறக்கமும் உணவும் குன்றிய உடலைக் காசநோய் பற்றியது. 1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், 37 வயதும் நிரம்பாமல் மறைந்தார். தமக்கிருந்த கம்பெனிப் பங்குகளில் ஒரு பகுதியை, தம்மை ஏற்ற அச்சபைக்கு எழுதி வைத்தார். அமெரிக்க அரசு 1991ஆம் ஆண்டில் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

இளைஞர்களே! சான்றிதழின்றிச் சென்ற மாட்செலிகர் வென்றார் என்பதால், சான்றிதழ் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் கைத்திறனோடு நின்றிருந்தால் இறுதிவரை தையல் இயந்திரத்தின் முன்னேயே அமர்ந்திருப்பார். சென்ற நாட்டின் மொழியை முதலில் கற்றார். கை அறிந்ததைத் தாளில் வரையப் பழகினார். வரைந்ததைச் சட்டப்படி தமதாக்கிக்கொண்டார். முதல் இல்லாத குறையால் பெரும்பங்கை இழந்ததும் நமக்கு ஒரு பாடமே. ஆகவே, கையிலுள்ள தொழிலுக்குரிய தேர்வை எழுதிச் சான்று பெற்றுச் செல்லுங்கள். அதற்கு வழிகாட்டவும் கைகொடுக்கவுமே இச்சங்கம் இருக்கிறது.