எறும்புக்குப் பெயர் வைத்தவர்

1980களிலும் 90களிலும் அகதிகளாக சுவிற்சர்லாந்துக்குப் போன எங்கள் ஆட்களில் சிலர் அந்நாட்டின் ஆயிரம் பிராங் தாளைக் கையில் வாங்கியிருப்பார்கள். ஒரு பக்கத்தில் தாடி வைத்த முதியவர், மறுபக்கத்தில் எறும்புகள். 1978இல் வெளியாகி 2000இல் மீளப்பெறப்பட்ட அந்தத் தாளில் இருந்தவர் ஒகுஸ்த் ஃபோரெல். எறும்புகளைப் பற்றி அறியவே நான் அவருடைய வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினேன். ஆனால் அந்த வாசிப்பு என்னை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனது.

ஃபோரெல் 1848இல் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மோர்ஜ் நகருக்கு அருகே பிறந்தவர். சிறுவயதிலேயே எறும்புப் புற்றுகளின் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். மருத்துவம் படித்தார். 1874இல் சுவிற்சர்லாந்தின் எறும்புகள் பற்றி அவர் எழுதிய நூலை டார்வினே விரும்பிப் படித்தார்.

1878இல் நண்பர் எட்வார்ட் ஸ்டைன்ஹைலுடன் கொலம்பியாவுக்குப் புறப்பட்டார். வழியிலேயே நண்பர் இறந்துபோனார். அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த கரீபியத் தீவான சென். தோமஸில் தங்கிய ஃபோரெல், அங்கு எறும்புகளைச் சேகரித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அந்தத் தீவின் எறும்புகளைப் பற்றிய அவரது கட்டுரை 1881இல் வெளிவந்தது. அதில் புதிதாக விபரித்த ஓர் இனத்துக்கு இறந்த நண்பரின் பெயரை வைத்தார்: கிரெமட்டோகாஸ்டர் ஸ்டைன்ஹைலி. இதய வடிவ வயிற்றை முதுகுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் பேரினம் அது. எங்கள் ஊர் மரங்களிலும் அந்தப் பேரினத்து எறும்புகள் ஊர்கின்றன. பின்னர் ஃபோரெல் அந்த நண்பரின் மகள் எம்மாவையே திருமணம் செய்தார்.

புதிய இனம் ஒன்றை விபரிப்பது பொறுமையான வேலை. எறும்பைச் சிறிய அட்டைத்துண்டில் ஒட்டி ஊசியில் குத்துவார்கள். உணர்கொம்பில் எத்தனை கணுக்கள், இடுப்பின் வடிவம் என்ன, முதுகில் முள் உண்டா, உடலில் மயிர் நிமிர்ந்து நிற்கிறதா படிந்து கிடக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். ஏற்கெனவே அறியப்பட்ட இனங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாவிட்டால்தான் புதிய பெயர். அதே ஊசியில் ஒரு துண்டுச்சீட்டும் இருக்கும். எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டு இல்லாத எறும்புக்கு அறிவியலில் மதிப்புக் குறைவு.

ஃபோரெல் தன் வாழ்நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எறும்பு வகைகளுக்குப் பெயர் சூட்டினார். இலங்கை எறும்புகளும் அவற்றில் அடங்கும். பிரித்தானிய இராணுவ அதிகாரி யெர்பரி இங்கே பிடித்த எறும்பொன்று, 1893இல் போலிராக்கிஸ் யெர்பரி ஆனது.

இதெல்லாம் அவருடைய ஓய்வுநேர வேலை. 1879 முதல் 1898 வரை அவர் சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல வைத்தியசாலையின் பணிப்பாளர். நரம்புக் கலங்கள் தனித்தனியானவை என்று 1887லேயே சொன்னவர். மதுவுக்கு எதிராகப் போராடினார். பெண்களின் உரிமைக்காகப் பேசினார். முதலாம் உலகப்போர் மூண்டபோது போரை எதிர்த்து எழுதினார்.

அதே மனிதர், அதே வைத்தியசாலையில், சில நோயாளிகளுக்குப் பிள்ளை பிறக்காதபடி அறுவைச்சிகிச்சை செய்வித்தார். அது அவர்களைக் குணப்படுத்துவதற்காக அல்ல. அவர்களைப் போன்றவர்கள் மேலும் பிறக்கக்கூடாது என்பதற்காக. மனிதரில் உயர்ந்தவர், தாழ்ந்தவர் உண்டென்றும், தாழ்ந்தவர் பெருகக்கூடாதென்றும் 1905இல் வெளிவந்த பாலியல் பற்றிய நூலில் வாதிட்டார். இனங்களையும் அவ்வாறே தரம் பிரித்தார். 1928இல் அவருடைய சொந்த மாநிலமான வோ, மனநோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய இடமளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஐரோப்பாவில் அத்தகைய முதல் சட்டம் அது. 1985இல்தான் அது நீக்கப்பட்டது. அப்போது எங்கள் அகதிகள் அந்நாட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

1912இல் ஃபோரெலைப் பக்கவாதம் தாக்கியது. வலது கை செயலிழந்தது. அறுபது வயதைக் கடந்த மனிதர் இடது கையால் எழுதப் பழகினார். எறும்புகளின் சமூக வாழ்க்கை பற்றிய ஐந்து தொகுதிகளை 1921க்கும் 1923க்கும் இடையில் வெளியிட்டார். கையையும் காலையும் கண்ணையும் போரில் இழந்தவர்களோடு வாழும் எங்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். உடல் குறைந்தால் மனிதர் குறைவதில்லை என்பதற்கு அவரே சாட்சி. ஆனாலும் பிறரைத் தரம் பிரித்த தன் கொள்கையை அவர் கைவிடவில்லை. 1931இல் இறந்தார்.

நுணுக்கமாகக் கவனிக்கத் தெரிந்தவர் எல்லோரும் மதிக்கத் தெரிந்தவர் அல்லர் என்பதே இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. எறும்புகளில் ஒன்றைக்கூட வீணானது என்று அவர் ஒதுக்கவில்லை. மனிதரைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் கண் மாறிப்போனது. மனிதரைப் பட்டியலிட்டு, இவர் தேவை, இவர் தேவையில்லை என்று பிரிப்பவர்களிடம் எவ்வளவு அறிவு இருந்தாலும் அவர்களுக்குப் பயப்படத்தான் வேண்டும்.

ஃபோரெலின் எறும்புகளில் பெரும்பகுதி இன்று ஜெனீவாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் தாய்மார் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு ஐ.நா. மனித உரிமைகள் பேரவையிடம் நீதி கேட்டுப் போகும் அதே நகரம். அவர்கள் கேட்பதும் எங்கே, எப்போது, யார் பிடித்தது என்றுதான். நூற்றாண்டுக்கு முந்திய எறும்புகளுக்கு அங்கே அந்தப் பதில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.