பாரடேயின் நாவன்மை

கற்றல் ஒரு கலை. கற்றதைப் பிறர் உளங்கொள எடுத்துரைத்தல் மற்றொரு கலை. நூல் பல பயின்றும், அவையில் எழுந்து நின்றவுடன் நாத் தடுமாறுவோர் பலர். நாவன்மை பிறவியிலேயே அமைவது என்றும், முயன்று பெற இயலாதது என்றும் எண்ணி அவர்கள் மனந்தளர்வர். அக்கருத்துப் பிழையானது என்பதைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் மைக்கேல் பாரடே என்னும் அறிவியல் மேதை.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூவிங்டன் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் கொல்லுத் தொழில் புரிந்தவர். அவரை நோயும் குடும்பத்தை வறுமையும் வாட்டின. ஆதலின் பாரடே பள்ளியில் எழுதவும் படிக்கவும் சிறிது கணக்கிடவும் மட்டுமே கற்றார். 1805இல், தம் 14ஆம் அகவையில், ரீபோ என்பவருடைய நூல் கட்டும் கடையில் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களே அவருக்கு ஆசிரியர்களாயின.

1812ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. இராயல் நிறுவனத்தில் சர் ஹம்பிரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்குரிய நுழைவுச் சீட்டுகளைக் கடைக்கு வந்த அன்பர் ஒருவர் வழங்கினார். பாரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார், கேட்டவற்றைக் குறித்துக்கொண்டார். பின்னர் அவற்றை விரித்தெழுதி, படங்களும் வரைந்து, ஏறத்தாழ 300 பக்கங்கள் கொண்ட நூலாகத் தம் கையாலேயே கட்டி, டேவிக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூட உதவியாளரானார். வாரத்திற்கு 25 ஷில்லிங் ஊதியமும் தங்குவதற்கு இரண்டு அறைகளும் கிடைத்தன.

பேராசிரியர்கள் உரையாற்றும்போது கருவிகளை எடுத்து வைப்பது அவர் கடமைகளுள் ஒன்று. ஆயினும் அவர் கண் கருவிகளில் மட்டும் நிற்கவில்லை. யார் பேசும்போது அவை ஆர்வத்தோடு கேட்கிறது, எப்போது சோர்வடைகிறது என்பவற்றை உன்னிப்பாக நோக்கினார். தாம் கண்டறிந்தவற்றை அவ்வாண்டிலேயே ஆபட் என்னும் நண்பருக்குக் கடிதங்களாக எழுதினார். பேசுவோர் விரைந்து பேசலாகாது. கேட்போரை நோக்கியே பேசுதல் வேண்டும். கருவிகள் எல்லார் கண்ணிலும் படுமாறு அமைதல் வேண்டும். உரை ஒரு மணி நேரத்திற்கு மேல் நீளலாகாது. இவை அக்கடிதங்களிற் கண்ட கருத்துகளுட் சில. அப்போது அவருக்கு அகவை 21 மட்டுமே. மேடை ஏறிப் பேசும் வாய்ப்பும் வந்திலது.

1816இல் நகரத் தத்துவக் கழகத்தில் அவர் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். பிறர் குறையை அறிந்தவர் தம் குறையையும் அறிய விழைந்தார். 1818இல் ஸ்மார்ட் என்னும் ஆசிரியரிடம் பேச்சுக் கலை பயின்றார். மக்ராத் என்னும் நண்பர் அவையில் அமர்ந்து, பாரடேயின் உச்சரிப்பிலும் நடையிலும் உள்ள பிழைகளைக் குறித்துக் கூறுவார். மெதுவாக என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று பாரடேயின் முன் இருக்கும். அதனை மறந்து அவர் விரைந்து பேசினால், உதவியாளர் ஆண்டர்சன் அதனை எடுத்துக் காட்டுவார். மணி நிறைவுறும் வேளையில், நேரம் என்று எழுதிய அட்டை வரும். இவ்வாறு பிறர் திருத்தத் தாம் திருந்துவதை அவர் இழிவாகக் கருதவில்லை.

இத்தகைய உழைப்பு வீண்போகவில்லை. இராயல் நிறுவனத்தின் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கி வைத்தவர் அவரே. இளைஞர்க்காக 1825இல் தொடங்கிய கிறித்துமசுச் சொற்பொழிவுகளை 1827 முதல் 1860 வரை 19 முறை அவர் நிகழ்த்தினார். எளிய மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்து, அது எரியும் முறையைக் கொண்டே வேதியியல் உண்மைகள் பலவற்றை ஆறு உரைகளில் விளக்கினார். அவ்வுரைகள் 1861இல் நூலாக வெளிவந்தன. காந்தத்தின் ஆற்றலைச் சொல்லால் மட்டும் கூறாது, கரி நிறைந்த இரும்புக் கூடையையே வலிய மின்காந்தத்தை நோக்கி எறிந்து, அது ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். கையை விட்டால் கல் கீழே விழும் என்று கூறுமிடத்தும், கல்லை விழச் செய்தே காட்டுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கேட்போர்க்கு முன்பே தெரியும் என்று எதனையும் அவர் விட்டுவிடுவதில்லை.

1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து உலகப் புகழ் எய்திய பின்னரும் சிறுவர்க்கு உரையாற்றுதலை அவர் கைவிடவில்லை. வீரத்திருப் பட்டத்தை மறுத்து, எளியராகவே வாழ்ந்து, 1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் வளர்த்த கிறித்துமசுச் சொற்பொழிவுகள், இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாகத் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன. அவற்றை இன்று தொலைக்காட்சி வாயிலாகவும் மக்கள் கண்டு பயன்பெறுகின்றனர்.

கூடத்தில் நேரில் பேசினும், கருவியின் வாயிலாகத் தொலைவில் உள்ளோர்க்குப் பேசினும், பேச்சின் வெற்றிக்கு அடிப்படை ஒன்றே. அது கேட்போரிடம் கொள்ளும் பரிவு. அப்பரிவே முன்னதாக ஆயத்தம் செய்யத் தூண்டும்; நிறுத்திப் பேசச் செய்யும்; உரிய நேரத்தில் முடிக்கவும் கற்பிக்கும். பள்ளிப் படிப்புக் குறைந்த கொல்லர் மகனுக்குக் கைகூடிய இவ்வாற்றல், முயலும் மாணவர் எவர்க்கும் கைகூடும்.